உன் ஆள் யார்?

என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச் சுற்று நமக்குக் காலை ஆறு, ஆறரை வாக்கில் தொடங்கும். அந்த நேரத்துக்கு என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தூக்கம் கலையாத கண்ணோடு டிவி முன்னால் வந்து உட்காரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நடுவர் பந்தைத் தூக்கிப் போடும் முன்பே நீங்கள் கேட்பது ஒரே கேள்வி: "சார், இன்னைக்கு யாரு ஜெயிப்பாங்க?" அதற்கு நான் ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. அந்தக் கேள்விக்குள் போக வேறு வாசல் இருக்கிறது. அதைக் காட்டிவிட்டால் பதிலை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

பெரும்பாலும் ஒரே ஒரு தொடரை வைத்துத்தான் பேசப்போகிறேன்: 2011 இறுதிச் சுற்று, டல்லாஸ் மாவரிக்ஸும் மயாமி ஹீட்டும். அந்த ஆறு ஆட்டங்களுக்கும் நான் குறிப்பெழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பத்துத் தொடரை ஒருமுறை பார்ப்பதைவிட ஒரு தொடரைப் பத்துமுறை பார்த்தால் கற்பது அதிகம்.

1. பெரிய பெயரையும் பெரிய பெயரையும் தராசில் வைக்காதீர்கள்.

அந்த வருடம் மயாமி பக்கம் லெப்ரான் ஜேம்ஸ், ட்வெயின் வேட், கிறிஸ் பாஷ். டல்லாஸ் பக்கம் அந்த உயரத்தில் டிர்க் நோவிட்ஸ்கி ஒருவர்தான். மூன்றுக்கு ஒன்று, முடிந்தது கதை என்றுதான் பலரும் சொன்னார்கள். சரி, லெப்ரானும் டிர்க்கும் எத்தனை முறை நேருக்கு நேர் நின்றார்கள்? மிகக் குறைவு. லெப்ரானைப் பெரும்பாலும் பிடித்தவர், அதாவது அவரைத் தடுக்க நின்றவர், ஷான் மேரியன். டிர்க்கைப் பிடித்தவர்கள் ஹாஸ்லெமும் பாஷும் ஜோயல் ஆந்தனியும். ஆகவே கேள்வி "லெப்ரான் பெரியவரா, டிர்க் பெரியவரா" என்பதே இல்லை. மேரியன் லெப்ரானைத் தாங்குவாரா, பாஷ் டிர்க்கைத் தாங்குவாரா என்பதுதான் கேள்வி.

ஒரு தாளில் இந்தப் பக்கம் ஐந்து பெயர், அந்தப் பக்கம் ஐந்து பெயர் எழுதுங்கள். யார் யாரைப் பிடிக்கிறார் என்று பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு எதிர்த் திசைக்கு இன்னொரு தாளில் போடுங்கள். இரண்டு தாளும் ஒன்றாக இருக்காது. என்னைப் பிடிப்பவனையே நானும் பிடிக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? களத்தில் கோச் ஓயாமல் கத்துவாரே, "உன் ஆள் யார், உன் ஆள் யார்" என்று, அதே கேள்வியை நீங்களும் ஒவ்வொரு வீரர் சார்பிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. போட்ட கோடுகளில் எது மெலிந்தது என்று தேடுங்கள். தொடரின் போக்கு பெரும்பாலும் அங்கேதான் மாறும்.

மூன்று ஆட்டம் முடிந்தபோது மயாமி 2-1 என்று முன்னால் இருந்தது. நான்காவது ஆட்டத்துக்கு டல்லாஸ் கோச் ரிக் கார்லைல் தொடக்க ஐவரில் ஒரு மாற்றம் செய்தார். டிஷான் ஸ்டீவன்சனை பெஞ்சில் உட்காரவைத்து ஜே.ஜே. பரேயாவை இறக்கினார். பரேயாவின் உயரம் பட்டியலில் ஆறடி. முதல் மூன்று ஆட்டங்களிலும் அவர் எறிந்த பந்து பெரும்பாலும் வெளியேதான் போனது. பந்தே போடாத ஆளை, அதுவும் அந்த உயரத்தில், இறுதிச் சுற்றில் தொடக்கத்திலேயே இறக்குவதா? நானும் அன்று காலை அப்படித்தான் நினைத்தேன்.

கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மயாமியின் தொடக்க ஐவரில் பாயிண்ட் கார்டு மைக் பிபி. ஒருகாலத்தில் நல்ல ஆட்டக்காரர். அப்போது வயது 33, கால் முன்போல ஓடவில்லை. பரேயா பந்தோடு வருவார். அணித்தோழர் டைசன் சாண்ட்லர் மேலே ஏறிவந்து, பிபிக்குக் குறுக்கே நின்று ஸ்கிரீன் போடுவார். பிபி அந்த ஸ்கிரீனில் மாட்டிக்கொள்வார். பரேயாவை நிறுத்த மயாமியின் உயரமான ஆள் வெளியே வந்தாக வேண்டும். வந்தால் சாண்ட்லர் ரிங்கை நோக்கி உருண்டு ஓடுவார். அவரை அடைக்க இன்னொருவர் உள்ளே போனால் டிர்க்கோ மற்றவரோ வெளியே தனியாக நிற்பார். ஒரு மெலிந்த கோடு அறுந்தால் மற்ற நான்கும் சேர்ந்து தளர்வது இப்படித்தான்.

அந்த மாற்றத்துக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பரேயா தற்காப்பில் யாரைப் பிடிப்பது? மாற்று வீரராக வந்தால் வேட்டிடமோ லெப்ரானிடமோ மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். தொடக்கத்திலேயே வந்தால் பிபியைப் பிடிக்கலாம். பிபி மூன்று புள்ளிக் கோட்டில் நின்று பந்துக்குக் காத்திருப்பவர். ஆக ஒரே மாற்றத்தில் எதிரியின் ஓட்டையைத் திறந்தார், தன் ஓட்டையை மறைத்தார். டல்லாஸ் 86-83 என்று வென்றது. பெஞ்சிலிருந்து வந்த ஸ்டீவன்சன் மூன்று த்ரீ பாயிண்டர் போட்டார். ஐந்தாவது ஆட்டத்தில் பரேயாவுக்கு 17 புள்ளிகள். ஆறாவது ஆட்டத்தில் மயாமி கோச் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா பிபியை எடுத்துவிட்டு மாரியோ சால்மர்ஸைத் தொடக்கத்தில் இறக்கினார். கோடு மெலிந்திருப்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் டல்லாஸ் 3-2 என்று முன்னால் போய்விட்டது.

3. ஒவ்வொரு தற்காப்பும் எதையோ கொடுக்கிறது. எதைக் கொடுக்கிறது என்று கேளுங்கள்.

இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால்கூட எனக்குப் போதும். எல்லாவற்றையும் அடைக்கும் தற்காப்பு என்று உலகத்தில் எதுவும் கிடையாது. நல்ல கோச், தான் கொடுக்கப்போவதை ஆட்டத்துக்கு முந்தைய இரவே முடிவு செய்துவிடுவார்.

2004 இறுதிச் சுற்றைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட் இருவரும். எதிரே டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், கோச் லாரி பிரவுன். அதுவரை ஷகீலிடம் பந்து போனால் இரண்டு மூன்று பேர் ஓடிப்போய் மொய்ப்பதுதான் வழக்கம். பிரவுன் பெரும்பாலும் அதைச் செய்யவில்லை. பென் வாலஸ் போன்ற ஒருவரைத் தனியாக ஷகீலோடு போராட விட்டார். கோபிக்கு நீளமான கையுள்ள டேஷான் பிரின்ஸைக் கொடுத்தார். மற்ற மூவரும் தங்கள் ஆளைவிட்டு நகரவில்லை. ஷகீல் ஆட்டத்துக்கு 26.6 புள்ளி அடித்தார். அது டெட்ராய்ட் தெரிந்தே கொடுத்தது. கோபிக்கு, எறிந்த நூற்றில் 38தான் விழுந்தது. மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் மொத்தமே 68 புள்ளி. தொடர் 4-1 என்று டெட்ராய்ட்டுக்குப் போனது. புள்ளிப் பட்டியலில் ஷகீலின் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு டெட்ராய்ட்டின் தற்காப்பு தோற்றது போலவே தெரியும்.

2011க்கு வருவோம். என்.பி.ஏ.வில் ஸோன் தற்காப்பு, அதாவது ஆளைப் பிடிக்காமல் இடத்தைப் பிடிப்பது, 2001-02 சீசனிலிருந்துதான் அனுமதி. அதற்குப் பிறகும் பெரும்பாலான அணிகள் அதை அவசரத்துக்கு மட்டுமே எடுத்தன. டல்லாஸின் உதவிக் கோச் டுவேன் கேசி அதைத் தயங்காமல் பயன்படுத்தினார். லெப்ரானும் வேட்டும் ரிங்கை நோக்கி வெட்டிக்கொண்டு போய் வாழ்பவர்கள். அந்த வழியில் ஒரு தலைக்குப் பின்னால் இன்னொரு தலை, கடைசியில் சாண்ட்லர். டல்லாஸ் கொடுத்தது வெளியிலிருந்து எறியும் பந்தை. "போட்டால் போடு, உள்ளே வராதே" என்ற ஏற்பாடு. அந்த சீசனில் 26.7 என்ற சராசரி வைத்திருந்த லெப்ரான், இறுதிச் சுற்றில் 17.8க்கு இறங்கினார். நான்காவது ஆட்டத்தில் எட்டே புள்ளி.

4. சீசனில் யார் யாரை வென்றார் என்பதைப் பார்க்கலாம். ஆனால் எப்போது, எந்த ஐவரை வைத்து என்று கேட்காமல் பார்க்காதீர்கள்.

அந்த சீசனில் டல்லாஸ் மயாமியை இரண்டு முறையும் வென்றது. இரண்டும் 2010 நவம்பர், டிசம்பரில். மயாமியின் மூவரும் சேர்ந்து ஆடத் தொடங்கியே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. டல்லாஸுக்கு அப்போது கேரன் பட்லர் இருந்தார். ஜனவரியில் முழங்கால் போய் அந்த சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டார். இறுதிச் சுற்றில் மோதியவை வேறு இரண்டு அணிகள்.

பழைய பகையும் அப்படித்தான். 2006இல் இதே மயாமியிடம் டல்லாஸ் 2-0 என்று முன்னால் இருந்து, அடுத்த நான்கையும் தோற்றது. அந்த டல்லாஸ் அணியில் 2011 வரை மிஞ்சியவர்கள் டிர்க்கும் ஜேசன் டெர்ரியும் மட்டுமே. வேட்டும் ஹாஸ்லெமும் அந்தப் பக்கம். மனசுக்குள் அந்தக் காயம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. உங்கள் தாளில் கோடு போட அது உதவாது.

5. எதிரிக்குப் பயந்து உங்கள் வீட்டை இடிக்காதீர்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கும். 2007இல் டல்லாஸ் 67 ஆட்டம் வென்ற அணி. முதல் சுற்றில் எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வந்தது. அவர்கள் வென்றது 42. ஆனால் சீசனில் டல்லாஸை மூன்று முறையும் தோற்கடித்திருந்தார்கள். அவர்களுடைய கோச் டான் நெல்சன், முன்பு டல்லாஸில் டிர்க்கை வளர்த்தவர். எங்கே தொட்டால் டிர்க்குக்கு வலிக்கும் என்று அவரைவிட அறிந்தவர் இல்லை.

முதல் ஆட்டத்திலேயே டல்லாஸ் கோச் ஏவரி ஜான்சன், வாரியர்ஸின் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தன் உயரமான சென்டர்களைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டார். 67 ஆட்டத்தை எந்த ஐவரை வைத்து வென்றாரோ அதைத் தானே கலைத்தார். தோற்றார். சிறிய அணியாக ஓடி ஆடுவது வாரியர்ஸின் சொந்த ஊர். அங்கே போய் அவர்களை வெல்வது கடினம். டிர்க்கின் மேல் அவரைவிடக் குள்ளமான, ஆனால் உரமான ஸ்டீபன் ஜாக்சன் ஒட்டிக்கொண்டார். டிர்க் பந்தைத் தரையில் தட்டினாலே பறிக்க இன்னொரு கை வந்தது. ஆறாவது ஆட்டத்தில் அவர் 13 எறிந்து இரண்டுதான் போட்டார். டல்லாஸ் 4-2 என்று வெளியேறியது. அந்த சீசனின் சிறந்த வீரர் விருது அதற்குப் பிறகுதான் அவர் கைக்கு வந்தது. அதை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாற்றமே கூடாது என்கிறேனா? இல்லை. 2015 இறுதிச் சுற்றில் அதே வாரியர்ஸ் கிளீவ்லேண்டிடம் 2-1 என்று பின்தங்கியபோது, கோச் ஸ்டீவ் கெர் தன் சென்டர் ஆண்ட்ரூ போகட்டை எடுத்துவிட்டு ஆண்ட்ரே இகுடாலாவை இறக்கினார். யோசனை சொன்னது நிக் யூரன் என்ற இளம் உதவியாளர். முந்தைய வருட இறுதிச் சுற்றில் சான் அன்டோனியோ செய்த மாற்றத்தை வீடியோவில் பார்த்து அவருக்குத் தோன்றியது. பார்க்க இதுவும் 2007 போலத்தான் இருக்கிறது. ஆனால் ஓடி ஆடுவது வாரியர்ஸின் சொந்த ஆட்டம். தங்களுக்கு எது நன்றாக வருமோ அதை நோக்கி மாறினார்கள். நான்காவது ஆட்டத்தில் கிளீவ்லேண்டின் நெடிய டிமோஃபி மாஸ்கோவ் 28 புள்ளி அடித்தும் அணி 21 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் கிளீவ்லேண்டும் சிறிய அணியாக மாறி, அதே மாஸ்கோவை ஒன்பது நிமிடம்தான் ஆடவைத்தது. எதிரியின் ஊருக்குக் குடிபோவது என்றால் இதுதான். வாரியர்ஸ் வென்றது. சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தொடக்கத்தில் இறங்காத இகுடாலாவுக்கு இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது.

6. பெஞ்சை எண்ணுங்கள். முதல் ஐவர் ஓய்வெடுக்கும் நிமிடங்களில் யார் யாரோடு ஆடுகிறார் என்பதற்குத் தனித் தாள் வேண்டும். டல்லாஸில் டெர்ரி பெஞ்சிலிருந்து வந்து 2011 தொடரில் ஆட்டத்துக்கு 18 புள்ளி அடித்தார். மயாமி பெஞ்சில் அப்படி ஒருவர் இல்லை.

7. ஒரு ஆட்டத்தின் கடைசி ஏழு நிமிடத்தை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

நான் சொல்வது இரண்டாவது ஆட்டம். வேட் மயாமி பெஞ்சுக்கு முன்னால் நின்று ஒரு த்ரீ போட்டார். 88-73. ஏழு நிமிடம் சொச்சம் பாக்கி. மயாமி கொண்டாடியது. அதற்குப் பிறகு டல்லாஸ் 22 புள்ளி, மயாமி ஐந்தே புள்ளி.

கடைசிப் பந்துக்கு வாருங்கள். 93-93. சற்று முன் டிர்க் ஒரு த்ரீ போட்டிருந்தார். மறுபக்கம் சால்மர்ஸை டெர்ரி தனியாக விட்டதால் அவரும் ஒரு த்ரீ போட்டுச் சமன் செய்தார். இப்போது பந்து டிர்க்கிடம். எதிரே யார்? பாஷ். முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆள் ஏன் உதவிக்கு வரவில்லை? சுற்றி நிற்கும் டல்லாஸ் ஆட்களை விட்டு வரத் துணிவில்லை. பாஷ் ஏன் அவ்வளவு நெருங்கி நின்றார்? சற்று முன் விழுந்த த்ரீ கண்ணுக்குள் நிற்கிறது. நெருங்கியவரைத் தாண்டுவது சுலபம். டிர்க் இடப்பக்கம் சாய்ந்து பாஷைக் கடந்தார். முதல் ஆட்டத்தில் அவருடைய இடதுகை நடுவிரலில் தசைநாண் அறுந்து, விரலில் கட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அதே இடது கையால் லே அப். பாக்கி 3.6 விநாடி. 95-93.

அடுத்த ஆட்டத்தின் கடைசிப் பந்தையும் சேர்த்துப் பாருங்கள். அதே டிர்க், எதிரே ஹாஸ்லெம். பந்து விழவில்லை, 88-86 என்று மயாமி வென்றது. பிடித்த ஆள் மாறியதை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

8. விழுந்த பந்தையும் விழாத பந்தையும் அளவுக்கு மேல் நம்பாதீர்கள்.

ஐந்தாவது ஆட்டத்தில் டல்லாஸ் 19 த்ரீ எறிந்து 13 போட்டது. ஆறாவது ஆட்டத்தின் முதல் பாதியில் டிர்க் 12 எறிந்து ஒன்றுதான் போட்டார். இரண்டும் அடிக்கடி நடக்காதவை. அந்த ஒற்றைப் பந்தோடு டிர்க் இடைவேளைக்குப் போனபோதும் டல்லாஸ் 53-51 என்று முன்னால் இருந்தது எப்படி? டெர்ரி அந்தப் பாதியில் மட்டும் 19 புள்ளி. டிர்க்கை நோக்கி மயாமி சாய்ந்ததால் பிறருக்கு வழி கிடைத்துக்கொண்டே இருந்தது. பந்து விழுகிறதா என்பதை ஸ்கோர்போர்டு சொல்லும். எறிந்தவருக்கு முன்னால் கை இருந்ததா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

9. திறந்து கிடக்கும் கதவு வழியே எதிரி நுழைகிறாரா என்று பாருங்கள்.

பரேயா, டெர்ரி, 38 வயது ஜேசன் கிட் ஆகியோர் அந்தத் தொடரில் சில சமயம் லெப்ரானோடு தனியாக மாட்டிக்கொண்டார்கள். ஆறடி எட்டங்குலக்காரர் ரிங்குக்குப் பக்கம் முதுகைக் கொடுத்து நின்று பந்தைக் கேட்டிருந்தால் டல்லாஸ் என்ன செய்திருக்கும்? கார்லைலின் ஏற்பாடு முழுவதும் ஆட்டம் கண்டிருக்கும். லெப்ரான் பெரும்பாலும் கேட்கவில்லை. வெளியே நின்றார், பந்தைக் கடத்தினார். ஆறு ஆட்டங்களின் கடைசிக் குவார்ட்டரிலும் சேர்த்து அவர் எடுத்தது 18 புள்ளி, டிர்க் 62. தாளில் இருக்கும் சாதகம் களத்தில் எடுக்கப்படாவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் அந்தத் தொடருக்கு முன் சேர்த்திருந்தேன். தப்பாகப் போயிற்று.

10. இந்த வருடத்துத் தாளை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

2007இல் குள்ளமானவர்களிடம் திணறிய டிர்க் அப்படியே நின்றுவிடவில்லை. அவருடைய ஜெர்மானிய ஆசான் ஹோல்கர் கெஷ்விண்ட்னரோடு கோடைதோறும் உழைத்தார். 2011இல் அவர் பந்தை வாங்கிய இடத்தைப் பாருங்கள்: பெரும்பாலும் ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம். அங்கே நின்றால் உதவிக்கு வரும் ஆள் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். குள்ளமானவர் ஒட்டினால் ஒற்றைக் காலைத் தூக்கிப் பின்னால் சாய்ந்து எறிவார். ஏழடி ஆள் சாய்ந்து எறிவதை எந்தக் கை எட்டும்? வாரியர்ஸ் கண்டுபிடித்த ஓட்டை நான்கு வருடத்தில் அடைபட்டிருந்தது.

2011 ஜூன் 12 அன்று 105-95 என்று டல்லாஸ் வென்று தொடர் முடிந்தது. அந்தக் கோடையில் லெப்ரான் ஹூஸ்டனுக்குப் போனார், ஹக்கீம் ஒலாஜுவனிடம். ரிங்குக்கு முதுகு காட்டி ஆடுவதில் அவரைப் போல இன்னொருவர் பிறக்கவில்லை என்பது என் எண்ணம். இறுதிச் சுற்று வரை வென்றுவந்த ஆட்டக்காரர், தனக்கு வராத ஒன்றை ஆரம்பப் பாடத்திலிருந்து கற்கப் போய் நின்றது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அடுத்த வருடம் மயாமிக்கு ஒக்லஹோமா சிட்டியோடு இறுதிச் சுற்று. ஐந்தாவது ஆட்டத்தில் லெப்ரான் உள்ளே நின்று பந்தை வாங்குகிறார், இரண்டாவது ஆள் ஓடிவருகிறார், பந்து வெளியே பறக்கிறது. மைக் மில்லர் ஏழு த்ரீ போட்டார். லெப்ரானுக்கு 13 அசிஸ்ட். 121-106 என்று மயாமி வென்றது.

அந்த ஆட்டம் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன். ஆளுக்கொரு பென்சிலும் இரண்டு தாளும் கொண்டு வாருங்கள். லெப்ரானை யார் பிடிக்கிறார், உதவிக்கு ஓடிவருபவர் யாரை விட்டுவிட்டு வருகிறார் என்று முதல் குவார்ட்டர் முடிவதற்குள் எனக்குச் சொல்ல வேண்டும்.